ஆறு மணிக்கு முதலில் திறப்பவர்

1

இந்தக் கதை எனக்கு இரண்டு தாள்களாகக் கிடைத்தது.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஐங்கரனின் அச்சகத்தில் நான் மெய்ப்புப் பார்க்கிறேன். (கதை எழுதுகிறவன் சோற்றுக்கு என்ன செய்வான் என்று யாரும் கேட்பதில்லை. இதைத்தான் செய்கிறான்.) ஒரு வியாழக்கிழமை மதியம், சாப்பிட்ட கை காய்வதற்குள், ஐங்கரன் இரண்டு தாள்களை என் மேசையில் போட்டார்.

"இதுல எது சரி, சொல்லுங்க சார்."

இரண்டும் ஒரே பக்கத்தின் நகல்கள். அச்சகம் நடத்துகிற மரண அறிவித்தல் இணையதளத்தில் அமரர் சண்முகரத்தினத்துக்காகப் போட்ட பக்கம் அது. அதே படம், அதே கண்ணாடி, அதே சிரிக்காத வாய். முதல் தாளில், 'சிவநேசன், முகுந்தன் ஆகியோரின் பாசமிகு தந்தையும்' என்று இருந்தது. இரண்டாவதில், 'சிவநேசன், முகுந்தன், வசுந்தரா ஆகியோரின் பாசமிகு தந்தையும்'. முதல் தாள் செவ்வாய்க்கிழமை எடுத்தது, இரண்டாவது புதன்கிழமை. இறந்து பன்னிரண்டு நாளான மனிதருக்கு ஒரே இரவில் ஒரு மகள் பிறந்திருக்கிறாள்.

இருபத்தாறு வருடமாகப் பிழை பார்க்கிறேன். கால் விட்டுப்போகும், கொம்பு கூடிப்போகும். பிள்ளை கூடிப் பார்த்ததில்லை.

"யாரையாவது கேளுங்க" என்றேன்.

"கேட்டேன் சார். கேட்டதுலதான் வினையே" என்றார் ஐங்கரன்.

2

எப்படித் தொடங்குவது என்று ஒரு வாரம் மாரடித்தேன். எழுதியவற்றை அழிக்காமல் வைக்கிறேன், நீங்களே பாருங்கள்.

[அன்று பிரிக்ஃபீல்ட்ஸில் நல்ல மழை. கேஎல் சென்ட்ரலிலிருந்து வெளியே வந்த கூட்டம்—]

மழையில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

[பத்தொன்பது வருடங்களுக்கு முன் வசுந்தரா வீட்டைவிட்டு இறங்கியபோது அவள் கையில்—]

கையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. பெட்டி என்று எழுதினால் சினிமா. வெறுங்கை என்று எழுதினால் அதுவும் சினிமாதான்.

[ஷாமினி டெம்ப்ளேட்டில் இரண்டு வரி கூட்டினாள்.]

இது பரவாயில்லை. கண்ணீரும் இல்லை, மழையும் இல்லை. எனக்கு இப்போதிருக்கும் அலுப்புக்கு இதைவிட நல்ல வாக்கியம் வராது. இதிலிருந்தே போவோம்.

3

ஷாமினி கிள்ளானில் இருக்கிறாள். முப்பத்தெட்டு வயது. பதினொரு இணையதளங்களை வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொள்கிறாள். பல் மருத்துவர் ஒருவர், திருமண மண்டபம் இரண்டு, செமினியில் ஒரு நர்சரிப் பள்ளி, அப்புறம் ஐங்கரனின் மரண அறிவித்தல்கள். மற்ற பத்தும் அவ்வப்போது தூங்கும். மரணம் மட்டும் தூங்காது.

அந்தத் தளத்தின் டெம்ப்ளேட்டை, அதாவது தகவலைக் கொடுத்தால் பக்கமாகக் கோத்துக் காட்டுகிற அச்சை, அவளே செய்தாள். அது லேசான வேலை இல்லை. இலங்கை வழி வந்த குடும்பங்களின் மரண அறிவித்தலை நீங்கள் படித்திருப்பீர்கள். முழுதும் ஒரே வாக்கியம். காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் மகனும், இன்னாரின் கணவரும், இன்னார் இன்னாரின் தந்தையும், மாமனாரும், மைத்துனரும், சகலனும், பாட்டனும் என்று போய் 'ஆவார்' என்பதில் மூச்சு விடும். செத்தவர் ஒருவர், வாக்கியத்துக்குள் இருப்பவர் நாற்பது பேர். ஷாமினியின் வீட்டில் தாத்தா இறந்தபோது பத்திரிகையில் வந்தது நான்கு வரி. பெயர், வயது, எங்கிருந்து எடுக்கிறோம், எத்தனை மணிக்கு.

அவள் அந்த நீண்ட வாக்கியத்தைப் பெட்டி பெட்டியாகப் பிரித்தாள். பெற்றோருக்கு ஒரு பெட்டி, பிள்ளைகளுக்கு ஒன்று, மருமக்களுக்கு ஒன்று. பெட்டியில் பெயர் இருந்தால் பக்கம் காட்டும். காலியாக இருந்தால் அந்த உறவையே விட்டுவிட்டு வாக்கியத்தை ஒட்டிக்கொள்ளும். அங்கே ஒரு பெட்டி இருந்ததாகவே பார்க்கிறவருக்குத் தெரியாது. தையல் தெரியாமல் ஒட்டுவதுதான் நல்ல டெம்ப்ளேட் என்று ஷாமினிக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

சண்முகரத்தினத்தின் விவரங்களை மூத்த மகன் சிவநேசன்தான் போனில் சொன்னார். அரசாங்க இலாகா ஒன்றில் பெரிய பதவி, மெதுவான குரல், மரியாதையான மனிதர்.

"பிள்ளைகள் எத்தனை பேர் சார்?"

"ரெண்டு பேர்."

எல்லாம் முடிந்த பிறகு, நன்றி சொல்கிற தொனியிலேயே, "நீங்க கிள்ளானா? எந்த எஸ்டேட்?" என்று கேட்டார்.

எந்த இடம் என்று கேட்கவில்லை; தமிழ்நாட்டு வழி வந்தவர்கள் என்றால் தோட்டக் கூலிகளின் பிள்ளைகள்தான் என்பது அந்த மாதிரி வீடுகளின் கணக்கு. ஷாமினி பிறந்ததே கிள்ளான் நகரில்தான். ஆனாலும் பாட்டன் ரப்பர் பால் மரம் சீவிய தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். அவர் "ஆங், ஆங்" என்றார்.

4

இப்போது அந்த அம்மாள் வருகிறார்.

(அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. பக்கத்திலும் 'திருமதி சண்முகரத்தினத்தின் அன்புக் கணவரும்' என்றுதான் இருக்கிறது. ஒரு பெயர் வைத்துவிடலாமா என்று பார்த்தேன். ஐம்பது வருடம் அவரைச் சுற்றி இருந்தவர்களே வைக்காததை நான் ஏன் வைக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.)

மரணம் நடந்த ஐந்தாம் நாள், இரவு வெகு நேரம் கழித்து ஷாமினிக்கு அழைப்பு வந்தது.

"பிள்ளை, நான் திருமதி சண்முகரத்தினம் கதைக்கிறன். ஐங்கரன்தான் நம்பர் தந்தவன். ஒரு விசயம் கேக்கோணும்."

"சொல்லுங்க ஆன்டி."

"என்ட ஐபேட்ல வாற விளம்பரம் சிவான்ட போன்ல வாறேல்லை. ஆளாளுக்கு வேற வேற காட்டுது. அப்ப இந்தப் பக்கத்தையும் அப்பிடிக் காட்டேலாதோ?"

"எப்படிக் காட்டணும்?"

"என்ட மகள் திறந்தா மகளின்ட பேர் தெரியோணும். சிவா திறந்தா தெரியக் கூடாது. அவ்வளவுதான் பிள்ளை."

மகள் வசுந்தரா. பத்தொன்பது வருடங்களுக்கு முன் லோகன் என்பவரைக் கட்டிக்கொண்டாள். லோகன் ஆசிரியர். அவருடைய அப்பா பால் மரம் சீவியவர். அந்த வீட்டில் இதில் இரண்டாவது வாக்கியம் மட்டும்தான் காதில் விழுந்தது. அன்றோடு அப்பா பேச்சை நிறுத்தினார். அப்பா போன பிறகு அதைச் சிவநேசன் எடுத்துக்கொண்டார். இறுதிச் சடங்குக்கு வசுந்தரா வரவில்லை. வராதே என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் யாரும் சொல்லவில்லை.

இந்த வேலையை வேண்டாமென்று ஷாமினி சொல்லியிருக்கலாம். ஆனால் கணினி வேலை தெரிந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. 'முடியுமா' என்று கேட்டால், 'செய்யலாமா' என்று யோசிக்கும் முன்பே வாய் பதில் சொல்லிவிடும்.

"முடியும் ஆன்டி."

டெம்ப்ளேட்டில் இரண்டு வரி கூட்டினாள். பக்கத்தின் லிங்க்குக்குக் கடைசியில் ஒரு சின்ன வால். வாலோடு வருபவருக்கு மூன்று பிள்ளைகள், வாலில்லாமல் வருபவருக்கு இரண்டு. வால் வைத்த லிங்க்கை அம்மாளுக்கு அனுப்பினாள். அவர் போனை வைக்காமலே ஐபேடில் திறந்தார்.

"இருக்கு" என்றார். "வசுந்தரா எண்டு இருக்கு."

பிறகு அந்த வாக்கியம் முழுவதையும் வாய்விட்டுப் படித்தார். 'ஆவார்' வரைக்கும். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். ஷாமினிக்குப் பல் மருத்துவரின் வேலை காத்திருந்தது. ஆனாலும் போனை வைக்கவில்லை.

5

கணினி பிடிக்காதவர்கள் இரண்டு நிமிடம் பொறுத்துக்கொள்ள வேண்டும். கதையின் வில்லன் இந்தப் பகுதியில்தான் இருக்கிறான். இதைத் தாண்டிப் போனால் பிறகு என்னைத் திட்டுவீர்கள்.

யாராவது திறக்கும்போதெல்லாம் தளம் பக்கத்தைப் புதிதாகச் சமைப்பதில்லை. அது தேங்காய்ப்பால் சோறு விற்கிற ஒரு நாசி லெமாக் கடை. ஒரு தடவை சமைத்துப் பொட்டலம் கட்டி வைத்துக்கொண்டு, அடுத்து வருகிற எல்லாருக்கும் அதையே எடுத்துக் கொடுக்கும். தினமும் காலை ஆறு மணிக்குப் பழைய பொட்டலத்தை வீசிவிடும். ஆறு மணிக்கு மேல் முதலில் வருபவருக்காகச் சமைத்ததுதான் அன்று முழுக்க ஊருக்கே.

வாலோடு வருகிறவருக்குத் தனிப் பொட்டலம் கட்டினால் சிக்கல் இல்லை. கட்டாது. இரண்டு வருடத்துக்கு முன் பெரிய மனிதர் ஒருவர் இறந்தபோது ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்து திறந்து தளம் படுத்துவிட்டது. பகிரும் லிங்க்குகளில் எதையாவது ஒட்டிவிடுவது சமூக ஊடகங்களின் வழக்கம். ஆயிரம் வாலுக்கு ஆயிரம் பொட்டலம் கட்டித் தளம் மூச்சுத் திணறியது. அன்று ஷாமினிதான் அதற்குச் சொல்லிவைத்தாள், வால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பொட்டலத்தைக் கொடு என்று. (டெம்ப்ளேட்டில் கை வைத்தால் மட்டும் பழைய பொட்டலம் அப்போதே போய்விடும் என்பதால்தான் அன்றிரவு அம்மாளுக்குப் பெயர் தெரிந்தது; விடிவதற்குள் வேறு யாரும் திறக்கவில்லை.)

சொன்னதும் அவள், மறந்ததும் அவள். பதினொரு தளங்களைப் பார்க்கிறவளுக்கு எது எந்தத் தளத்தில் என்று நினைவிருக்குமா? எனக்கு இந்தக் கதையின் மூன்றாம் பகுதியே பாதி மறந்துவிட்டது.

6

அம்மாள் இரண்டு நாள் தயங்கிவிட்டு, ஏழாம் நாள் காலை அந்த லிங்க்கை மகளுக்கு அனுப்பினார். கூடவே ஒரே ஒரு வரி. 'உன்ட பேர் இருக்கு. பார்.'

பத்தொன்பது வருடத்தில் அவர்களுக்குள் வந்த நீளமான செய்தி அதுவாகத்தான் இருக்கும்.

வசுந்தரா செமினியில் தன் வீட்டுச் சமையலறையில் நின்றபடி திறந்தாள். மணி ஏழரை. சிவநேசன் காலை நடைக்குப் போகும் முன் ஆறே காலுக்கே அந்தப் பக்கத்தைத் திறந்திருந்தார். ஆகவே பொட்டலத்தில் இருந்தது அவருடைய பக்கம்.

சிவநேசன், முகுந்தன் ஆகியோரின் பாசமிகு தந்தையும்.

மூன்று தடவை பார்த்தாள். லோகனிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். பிறகு அவள் அம்மாவுக்குப் பதில் எழுதினாள். 'பாத்தேன்மா.'

(இங்கே ஒரு பத்தி இருந்தது. அவள் அழுததைப் பற்றி. எடுத்துவிட்டேன். 'பாத்தேன்மா'வுக்கு மேல் அதில் ஒன்றுமில்லை.)

பன்னிரண்டாம் நாள் புதன்கிழமை, அம்மாள் சாமி கும்பிட்டுவிட்டு ஆறு மணி தாண்டியதும் ஐபேடைத் திறந்தார், வால் வைத்த தன் லிங்க்கில். அன்று முழுக்க சிரம்பானிலிருந்து மெல்பர்ன் வரை எல்லாருக்கும் மூன்று பிள்ளைகள். நினைவு மலருக்காக அச்சகப் பையன்கள் எடுத்த இரண்டாவது தாளும் அதுவே. பத்து மணிக்குள் சிவநேசனுக்கு ஏழு அழைப்புகள் வந்துவிட்டன. 'நல்லதாப் போச்சு, சேத்துக்கிட்டீங்களே' என்று வாழ்த்தியவர் ஒருவர். அவர் வாழ்த்தியதில்தான் சிவநேசனுக்கு ரத்தம் கொதித்தது.

தன் அச்சகத்தின் மேல் தவறு இல்லை என்று நிரூபிப்பதற்காக ஐங்கரன், ஷாமினியிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பொட்டலக் கதை முழுவதையும் அவரிடம் சொல்லிவிட்டார். வாலை, ஆறு மணியை, எல்லாவற்றையும். பிறகு ஷாமினியை மறுபடி அழைத்தார்.

"சிவா அண்ணன் கத்தறாரு லா. அந்த வாலை எடுத்துடு."

"ஆன்டிகிட்ட என்ன சொல்றது?"

"மாமி போன் பண்ணா எடுக்காத. இல்ல, எடு. ஐயோ, நீயே பாத்துக்க ஷாமினி. எனக்கு ரெண்டு பக்கமும் சொந்தம்."

7

மறுநாள் வசுந்தரா ஷாமினியை அழைத்தாள். இதுவரை நான் எழுதியதில் எதையாவது நீங்கள் மறக்கலாம். இதை மறக்க வேண்டாம்.

"அம்மா உங்க நம்பரைக் குடுத்தாங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். என் பேரு இருக்குன்னாங்க. நான் பாக்கறப்ப இல்ல. அம்மா பொய் சொன்னாங்களா?"

"இல்ல அக்கா. இருந்துச்சு. அவங்க பாத்தாங்க. எனக்குப் படிச்சே காட்டினாங்க, ரெண்டு தடவ."

ஷாமினி நடந்ததைச் சொன்னாள். தவறு தன்னுடையது என்பதையும் சொன்னாள்.

"எனக்கு மட்டும் தெரியற மாதிரி எனக்கு என் பேரு வேணாம்" என்றாள் வசுந்தரா. "என்னைச் சமாதானம் பண்ண ஒரு பேஜா? எல்லாருக்கும் தெரியற மாதிரி போடுங்க. இல்லன்னா எடுத்துடுங்க. நான் அப்பாவுக்கு மகளா இல்லையா, ரெண்டுல ஒண்ணு."

ஷாமினி அம்மாளை அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டார்.

"காலமை ஆறு மணிக்குப் பிறகு முதலாவதா ஆர் திறக்கினமோ, அதுதான் எல்லாருக்குமோ?"

"ஆமா ஆன்டி. கவலைப்படாதீங்க, நான் சரி பண்ணிடறேன்."

"சரி பண்ணாத பிள்ளை" என்றார் அம்மாள்.

8

இங்கேதான் எனக்கு ஷாமினி மேல் நம்பிக்கை போனது.

ஏனென்றால் அவள் சரி பண்ணவில்லை. வாலையும் எடுக்கவில்லை, பொட்டலத்தையும் பிரிக்கவில்லை. அடுத்த பதினேழு நாளும் அந்தப் பக்கம் ஒரு நாள் இரண்டு பிள்ளைகளோடும் ஒரு நாள் மூன்று பிள்ளைகளோடும் இருந்தது. தளத்தின் பதிவேட்டில் யார் எப்போது திறந்தார் என்பது இருக்கும். அம்மாள் ஒன்பது நாள் முந்தினார், மகன் எட்டு நாள். ஒரே வீடு, பக்கத்துப் பக்கத்து அறை. இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

இரண்டு வரியை நீக்க ஒரு நிமிடம் போதும். நீக்காத ஒருத்தியை எந்த வாசகர் நம்புவார்? வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன்.

[ஷாமினி மூன்றாவது பெயரை எல்லாருக்கும் தெரியும்படி பக்கத்தில் ஏற்றினாள். வேலை போனாலும் போகட்டும் என்று—]

வீராங்கனை. கைதட்டலாம். ஆனால் அவளுக்கு வீட்டுத் தவணை இருக்கிறது. அதோடு, அந்தக் குடும்பத்தின் வாக்கியத்தில் பெயர் சேர்க்க அவள் யார்?

[ஷாமினி ஐங்கரன் சொன்னபடியே வாலை எடுத்தாள். அவளுக்கு எதற்கு வம்பு—]

இதுதான் நடந்திருக்க வேண்டும். எழுதி முடித்து டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால், "எந்த எஸ்டேட்?" என்று கேட்ட அந்த மரியாதையான குரல் மூன்றாம் பகுதியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் குரலுக்காக அவள் விரல் அந்த இரண்டு வரியை அழிக்குமா? அழிக்காது. எதிர்த்தும் நிற்காது. 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று தள்ளும். களைத்தவர்களின் எதிர்ப்பு அப்படித்தான் இருக்கும். எனக்குத் தெரியும்.

சிவநேசன் நேரே அவளை அழைத்து மிரட்டியிருக்கலாமே என்பீர்கள். முடியாது. மிரட்ட வேண்டுமானால், தன் தாயே தன்னை மீறினார் என்பதைக் கிள்ளான்காரி ஒருத்தியிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்குக் காலையில் சீக்கிரம் எழுவது மேல்.

9

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, இறந்தவருக்கான கடைசிக் கிரியை. அன்று அந்தப் பக்கம் பூட்டப்படும். இது தளத்தின் வழக்கம். அன்று காலை ஆறு மணிக்கு மேல் கட்டுகிற பொட்டலம்தான் கடைசிப் பொட்டலம். அதற்குப் பிறகு வீசுவதும் இல்லை, சமைப்பதும் இல்லை. பேரப்பிள்ளைகள் காலத்திலும் அதுதான் நிற்கும். நினைவு மலரில் எந்தப் பெயரைப் போடுவது என்று தீராததால், ஐங்கரன் சாமர்த்தியமாகப் படமும் தேவாரமும் மட்டும் அச்சடித்து, பின்னட்டையில் ஸ்கேன் செய்கிற கட்டம் ஒன்றை வைத்துவிட்டார். கட்டம் அந்தப் பக்கத்துக்குப் போகும்.

இனி வருவது நான் பார்க்காதது. சமையலறையை நானே கட்டினேன்.

மணி ஐந்து ஐம்பது. ஐயர் எட்டு மணிக்கு வருவார். அம்மாள் மேசையில் ஐபேடோடு உட்கார்ந்திருக்கிறார். அடுப்பில் பால். சிவநேசன் உள்ளே வருகிறார். கையில் போன். அம்மாவின் கையைப் பார்க்கிறார். அம்மா அவர் கையைப் பார்க்கிறார். ஒளிக்க இனி ஒன்றுமில்லை.

"இரு. கோப்பி தாறன்" என்கிறார் அம்மாள். ஆனால் எழவில்லை.

சிவநேசன் எதிரே உட்கார்கிறார். சுவரில் அப்பா, புது மாலையோடு.

"அம்மா."

"ம்."

"அப்பா இருந்தா இதுக்கு விட்டிருப்பாரா?"

"உன்ட அப்பாவிட்ட நான் ஒண்டும் கேட்டதில்லை. உன்னட்டையும் கேக்கேல்லை" என்கிறார் அம்மாள். "ஆறு மணி ஆகட்டும்."

ஐந்து ஐம்பத்தொன்பது. பால் ஓரத்தில் நுரைக்கத் தொடங்குகிறது. இருவருக்கும் கேட்கிறது. அந்த வீட்டில் ஐம்பது வருடமாகப் பால் பொங்கியபோதெல்லாம் எழுந்தவர் ஒருவர்தான். அது அம்மாளுக்கும் தெரியும், மகனுக்கும் தெரியும். இப்போது எழுந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

கிள்ளானில் ஷாமினி பதிவேட்டைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறாள். அவளால் இன்னும் ஒரு நிமிடத்தில் எதுவும் செய்ய முடியும். செய்யவில்லை. செமினியில் வசுந்தரா போனை மேசையில் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

10

நினைவு மலர் என் மேசையில் இருக்கிறது. ஐங்கரன் ஒரு பிரதி கொடுத்தார். பின்னட்டையில் கட்டம். ஸ்கேன் செய்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். செய்யவில்லை. இருபத்தாறு வருடமாக மற்றவர்களின் பக்கங்களில் எது சரி என்று நான்தான் சொல்லி வருகிறேன். இந்த ஒன்றுக்கு நான் சொல்ல மாட்டேன்.

அம்மாள் எழுந்து அடுப்பை அணைத்தார் என்று நீங்கள் வைத்துக்கொண்டால், சண்முகரத்தினத்துக்கு என்றென்றும் இரண்டு பிள்ளைகள். சிவநேசன் எழுந்தார் என்றால் மூன்று. அவர் எழுந்தது பாலுக்காகவா, அம்மாவுக்காகவா, தங்கைக்காகவா என்று நான் கேட்க மாட்டேன். எழுந்தால் போதும்.

இந்தக் கதையை இன்று முதலில் திறந்தவர் நீங்கள். உங்களுக்குப் பின் வருகிறவர்களுக்கு, நீங்கள் என்ன பார்த்தீர்களோ அதுதான் தெரியும்.

[அன்னார் சிவநேசன், முகுந்தன்,

மணி ஆறு. பால் பொங்குகிறது. அம்மாள் இன்னும் எழவில்லை.